உள்ளே விட்ட துணி

"காலையில என்ன சமைச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவருகிறார் டெய்லரம்மா. எதிரே நிற்கும் பெண் அதுவரை வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே திருப்திப்பட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமே. வாய் திறந்தால் மூச்சு வெளியே போகும். மூச்சு போனால் வயிறு தன் இடத்துக்கு வந்துவிடும். "என்னத்தக்கா சமைச்சேன், நேத்து மிச்சம்தான்..." என்று அவள் முடிப்பதற்குள் அளவு நோட்டில் ஏறியிருக்கும்.

"பொம்பளைங்க எத வேணா மறைப்பாங்க. மூச்ச எவ்வளவு நேரம் புடிச்சு வைக்க முடியும், சொல்லுங்க?" என்பார் என்னிடம், அந்தப் பெண் படியேறிப் போன பிறகு. அளவை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவார். போன வருஷத்துச் சட்டை இந்த வருஷம் ஏறவில்லை என்று யாராவது முகம் வாடினால், "தண்ணி சரியில்லம்மா, துணி சுருங்கிப்போச்சு" என்று சொல்லிவிடுவார். அவர் கடையில் இதுவரை எந்தப் பெண்ணும் பருத்ததில்லை. எல்லாத் தப்பும் துணியுடையது.

நாலு மாடிக் கட்டடம். அதன் மாடிப்படிக்கு அடியில், கூரை சரிந்து இறங்கும் ஓர் இடம்தான் கடை. உயரமான பெண்கள் உள்ளே வந்தால் குனிந்துகொண்டேதான் அளவு கொடுக்க வேண்டும். ஒரு மிஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, மூலை உடைந்த கண்ணாடி, துணி மாற்ற ஒரு திரை. கழுத்தில் டேப் எப்போதும் தொங்கும். வீட்டுக்குப் போகும்போதும் கழற்ற மாட்டார். ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு இவரை டாக்டர் என்று நினைத்து வணக்கம் சொன்னாராம். "நானும் திருப்பி வணக்கம் சொல்லிட்டேன். பாவம், எதுக்கு அவரு மனச கெடுக்கணும்?" என்றார்.

யார் மனசையும் கெடுக்காமல் இருப்பது இவருக்கு ஒரு வியாதி. அந்த வியாதியைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். வேலை மாறி, கல்யாணமாகி, ஊரின் இன்னொரு மூலைக்குப் போன பிறகும் ஒரு பட்டன் தைக்க வேண்டுமென்றால்கூட இரண்டு பஸ் மாறி இங்கேதான் வருகிறேன். "அந்தப் பட்டன் என்ன தங்கமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். பட்டனுக்காக யார் போகிறார்கள்? அந்தப் படிக்கட்டின் அடியில் என் இருபத்துமூன்று வயது இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

அப்போதெல்லாம் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. ஒன்றரை மணிக்குக் கட்டடமே காலியாகிவிடும். நான் படியிறங்கி வரும்போது டெய்லரம்மாவின் கடை ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருக்கும். கீழே இருக்கிற அந்த ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரியும். ஒரு ஜோடிக்கு மெல்லிய தோல் செருப்பு, நகத்தில் சாயம். இன்னொரு ஜோடிக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பு, குதிகாலில் வெடிப்பு. இந்த இரண்டு ஜோடிக்கும் சனிக்கிழமை மத்தியானம் ஒரே இடத்தில் என்ன வேலை? எனக்கு மூக்கில் வேர்க்கும் குணம் உண்டு. எட்டு சனிக்கிழமை பொறுத்தேன். ஒன்பதாவது சனிக்கிழமை குனிந்து தலையை உள்ளே நீட்டிவிட்டேன்.

மூன்று பெண்கள் துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். நடுவில் காகிதத்தில் வறுத்த கடலை. இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பாட்டில்.

"உள்ள வர்றதுன்னா வா, இல்லன்னா தலைய எடு. பாதி ஆளா நிக்காத" என்றார் ரப்பர் செருப்புக்காரர்.

அவர் எதிர்த்தெரு பார்சல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். எல்லாருக்கும் அவர் லோடு அக்கா. தோல் செருப்புக்காரர் பெரிய டாக்டர் ஒருவரின் மனைவி. டாக்டர் வீட்டம்மா என்பதைத் தவிர வேறு பெயரில் யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒருநாள் பெரிய மழை. ஜிப் மாற்ற வந்த டாக்டர் வீட்டம்மாவும், தோளில் கிழிந்த சட்டையோடு வந்த லோடு அக்காவும் வெளியே போக முடியாமல் கடைக்குள் மாட்டிக்கொண்டார்களாம். குளிருக்கு ஒரு வாய் இருந்தால் நன்றாயிருக்கும் என்று லோடு அக்கா சும்மா புலம்ப, டாக்டர் வீட்டம்மா ஒன்றும் பேசாமல் கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்து வைத்தாராம். "மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். அவ்வளவுதான்" என்பார் டெய்லரம்மா. டம்ளர் கொடுத்தது இவர்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மத்தியானங்களில் சிரித்தது போல நான் பிறகு சிரித்ததே இல்லை. நான் குடித்தது அரை டம்ளருக்கு மேல் போனதில்லை, அதுவும் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு. அது நல்லொழுக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டில் அம்மா மோப்பம் பிடித்துவிடுவாளே என்ற பயம்தான்.

டாக்டர் வீட்டம்மா மருந்து அளப்பது போல அளந்து ஊற்றுவார். லோடு அக்கா ஒரே மடக்கு: "உடம்பு வலிக்குக் குடிக்கிறேன், இத ருசிச்சு வேற பாக்கணுமா?" டெய்லரம்மா ஒரு பக்கம் காஜா போட்டுக்கொண்டே நடுநடுவே ஒரு வாய் உறிஞ்சுவார். முதல் டம்ளரில் "நீங்க சொல்லுங்கம்மா" என்று தொடங்கும் பேச்சு இரண்டாவது டம்ளரில் "நீ சும்மா இரு" என்று ஆகிவிடும். டாக்டர் வீட்டம்மாவை லோடு அக்கா "ஏய் டாக்டரு" என்று தோளில் தட்டிக் கூப்பிடுவார். திங்கட்கிழமை தெருவில் பார்த்தால் மறுபடி "வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா?"

டாக்டர் வீட்டம்மா தன் வீட்டுக்காரரைப் போலப் பேசிக் காட்டுவார். "சாதம் குழைஞ்சிருக்குன்னு சொல்ல மாட்டாரு. கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி, 'எத்தனை நாளா இப்படி?'ன்னு கேப்பாரு. கதவு கிரீச்சுன்னா, எத்தனை நாளா? நான் அழுதா, எத்தனை நாளா?" லோடு அக்கா தரையில் புரண்டு சிரிப்பார். சிரித்து ஓய்ந்ததும் டாக்டர் வீட்டம்மா சொல்வார்: "அவ்வளவு பெரிய வீடு. நாள் பூரா ஒரு மனுஷக் குரல் இல்ல. மூணு மணிக்கு ஃப்ரிட்ஜ் உறுமும் பாரு, அது எனக்கு ஒரு துணை." அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது.

ஒரு வருஷம் போல இப்படி ஓடியது. நடுவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான், கழுத்தில் டேப் போட்டிருந்தவர்.

"சாப்பிட்டுப் பெருத்தா கையும் வயிறும் சேர்ந்துதான் பெருக்கும்" என்று பின்னாளில் எனக்கு விளக்கினார். "குடிச்சா வேற மாதிரி. கை இளைக்கும், வயிறு மட்டும் உப்பும். என்ன சமைச்சீங்கன்னு கேட்டா, எனக்குப் பசியே இல்லம்பாங்க. நான் எத்தனை பேர அளந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" சனிக்கிழமைக்கு வராத பெண்களும் அவர் நோட்டில் இருந்தார்கள். எங்கள் ஆபீஸ் மேடம் ஒருத்தர், மேஜை டிராயரைப் பூட்டிப் பூட்டித் திறப்பவர். அவர் வாயில் எப்போதும் இருமல் மிட்டாய். டாக்டர் வீட்டம்மா வந்தால் விலை உயர்ந்த சென்ட். லோடு அக்கா பச்சை வெங்காயம் கடித்துக்கொண்டு வருவார். "மேல அடிக்கிற வாசனைதான் வேற வேற" என்றார் டெய்லரம்மா.

விழுந்தாலும் அப்படித்தான். அந்த ஒரே வருஷத்தில் மூன்று பேரும் விழுந்தார்கள். டாக்டர் வீட்டம்மா மாடிப்படியில் விழுந்தார். ரத்த அழுத்தம் என்று சொல்லி வீட்டுக்குப் பூங்கொத்துகள் வந்தன. மேடம் ஆபீஸ் வராந்தாவில் விழுந்தார். ஓய்வில்லாத வேலை என்று சொல்லிப் பத்து நாள் லீவு கொடுத்தார்கள். லோடு அக்கா லாரித் தட்டிலிருந்து விழுந்தார். அன்றைக்கே குடிகாரி என்று சொல்லி கிடங்கிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதே தட்டிலிருந்து ஆண்கள் விழாத மாதம் கிடையாது, அவர்களுக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுப்பது வழக்கம். "என் வீட்டுக்காரன் முப்பது வருஷமா ஊத்திக்கிட்டிருக்கான், கல்லு மாதிரி இருக்கான்" என்று லோடு அக்கா ஆத்திரப்படுவார். "நான் ஆறு வருஷம்தான். படியேறினா மூச்சு வாங்குது, காலையில கை நடுங்குது. இதுலகூட ஆம்பளைக்கு ஒரு நியாயம், பொம்பளைக்கு ஒரு நியாயமா?"

இனி, டெய்லரம்மா செய்த தப்பு.

நல்ல தையல்காரர்கள் சட்டையின் பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விட்டுவைப்பார்கள். உடம்பு கூடினால் பழைய தையலைப் பிரித்து, ஓரமாக ஒரு புதுத் தையல் போட்டுக்கொள்ளலாம். டெய்லரம்மா இந்த விஷயத்தில் தாராளம். இரண்டு பக்கமும் கைநிறைய விடுவார். டாக்டர் வீட்டம்மாவுக்கு மிகவும் பிடித்தது இடுப்புக்குக் கீழ்வரை இறங்கும் ஒரு கருநீலச் சட்டை. அதைப் பட்டன் பார்க்க, இஸ்திரி போட என்று அடிக்கடி கொடுத்தனுப்புவார். ஒருதடவை அதைப் போட்டுப் பார்த்தபோது பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவில் சட்டை வாயைப் பிளந்து நிற்பதை டெய்லரம்மா கவனித்தார். கேட்டால் அவர் முகம் வாடுமே. சொல்லாமல் கொள்ளாமல் அரை அங்குலம் பிரித்து விட்டு, இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டார். நாலு மாதம் கழித்து இன்னொரு அரை அங்குலம். அப்புறம் இன்னொரு தடவை.

டாக்டர் வீட்டம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "பாத்தியா, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தச்ச சட்டை. இன்னும் எப்படிப் பொருந்துது பாரு. ஏய் மூட்டை, நீயும்தான் இருக்கியே!" என்று லோடு அக்காவைச் சீண்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நிற்பார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து டெய்லரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோகும். தன் கைவேலைக்கு இதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "வீட்டுக்கு வரணும், மிஷின் வேண்டாம், ஊசி நூல் போதும்" என்றார். நான் அப்போது டிபன் பாக்ஸோடு படியேறிக்கொண்டிருந்தேன். கூடப் போனேன்.

வீடு நிறைய ஆட்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. மஞ்சள் காமாலை, திடீரென்று என்று வாசலில் நின்றவர்களிடம் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளறையில் டாக்டர் வீட்டம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். அவருக்கு நாற்பத்துமூன்று வயது. கருநீலச் சட்டைதான் அவருக்குப் பிடிக்கும், அதைப் போட்டு அனுப்ப வேண்டும் என்று நாத்தனார் ஆசைப்பட்டிருக்கிறார், அது ஏறவில்லை. கொஞ்சம் பிரித்துக் கொடுங்கள் என்று கையில் கொடுத்தார்கள்.

டெய்லரம்மா சட்டையை உள்புறமாகத் திருப்பினார். உள்ளே துணி இல்லை. விட்டுவைத்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. பழைய தையல்கள் இருந்த இடத்தில் ஊசி ஓட்டைகள் மட்டும், பக்கத்துக்கு மூன்று வரிசையாக, வெளிச்சத்தில் தெரிந்தன.

டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். சட்டையை வாங்கிப் பார்த்தார். அந்த வரிசைகளை விரலால் தடவினார். தையல் தெரியாதவர்தான், ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மெதுவாக, "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"ஒரு வருஷமா சார்" என்றார் டெய்லரம்மா.

அவர் சட்டையைத் திருப்பிக் கொடுத்தார். டெய்லரம்மா சட்டையின் முதுகை நடுவே கத்தரித்து, முன்புறம் மட்டும் சரியாகத் தெரியும்படி போர்த்தி, ஓரங்களை ஊசியால் தைத்துவிட்டு எழுந்தார். திரும்பி வரும்போது தெரு முனையில், "அந்த மூணு வரிசையும் நான் போட்டது. மூணு தடவ வாய் திறந்து சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நடுத்தெரு என்றும் பாராமல் அழுதார். நானும் அழுதேன். குடித்துச் சிரிப்பதில் பங்கு போட்டுக்கொண்டவள்தானே நானும்.

அந்த வாரச் சனிக்கிழமை ஷட்டர் இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் இறங்கவில்லை. டெய்லரம்மா குடியை நிறுத்தியதைப் பற்றிப் பெருமையாக எதுவும் சொல்ல மாட்டார். முதல் மூன்று வாரம் கை ஆடியதாம். மிஷின் ஊசி ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி மறுபக்கம் வந்ததாம். வாடிக்கையாளர் துணியைத் தொடாமல், கந்தல் துணிகளை எடுத்துப் போட்டுக்கொண்டு அவற்றில் நேர்கோடாகத் தைத்துக்கொண்டே இருந்தாராம், கோடு நேராக வரும்வரை. "குடிய விட்டுட்டேன். சனிக்கிழமைய விட முடியல" என்று ஒருதடவை சொன்னார். இப்போதும் சனிக்கிழமை மத்தியானம் போனால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

லோடு அக்கா விடவில்லை. கிடங்கு போனதும் மார்க்கெட்டில் காய்கறிப் பெட்டி தூக்கப் போனார். சில வருஷம் கொஞ்சம் குறைத்தார், சில வருஷம் கூட்டினார். டெய்லரம்மாவுக்கு மிச்சம் இருந்த ஒரே சிநேகிதி அவர்தான். அவர் கடைக்குள் நுழையும்போதெல்லாம் டெய்லரம்மாவின் கண் முதலில் கைக்கும், அப்புறம் வயிற்றுக்கும் போகும். பேச மட்டும் துணிவு வராது. வியாதி அவ்வளவு லேசில் போய்விடுமா?

போன வருஷம் ஒரு புதன்கிழமை. நான் பட்டனோடு உட்கார்ந்திருக்கிறேன். லோடு அக்கா மேல்மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, போட்டிருந்த சட்டையின் ஓரத்தை இழுத்துக் காட்டினார்.

"ஏ டெய்லரு, இத கொஞ்சம் பிரிச்சு விடு. மூச்சு முட்டுது."

டெய்லரம்மா எழுந்தார். டேப்பைச் சுற்றினார். என்ன சமைத்தாய் என்று கேட்கவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அளவை வாய்விட்டுச் சொன்னார். "வயிறு முப்பத்தொம்பது. போன வருஷம் முப்பத்தஞ்சு. கை பத்து. போன வருஷம் பன்னெண்டு."

"உன்கிட்ட நான் அளவா கேட்டேன்? பிரின்னு சொன்னேன்."

"பிரிக்க மாட்டேன்."

"உள்ள துணி இருக்குல்ல?"

"நிறைய இருக்கு. பிரிக்க மாட்டேன்."

லோடு அக்காவின் முகம் சிவந்தது. "டாக்டர் வீட்டம்மாவுக்கு மட்டும் கேக்காமயே பிரிச்சேன்னு நீதான சொல்லி அழுத. பணக்காரின்னா ஒரு கை, மூட்டை தூக்குறவன்னா ஒரு கையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெய்லரம்மா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "ஆமா, பிரிச்சேன். அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றார். "அவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பாத்தேன். அவங்களே போயிட்டாங்க. உன் மனசு கஷ்டப்பட்டா பட்டுட்டுப் போகட்டும். எனக்கு நீ வேணும்."

லோடு அக்கா வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. அன்று சாயங்காலமே டெய்லரம்மா ஒரு காரியம் செய்தார். அந்தத் தெருவில் இன்னும் மூன்று தையல் கடைகள் உண்டு. தொழில் போட்டியில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்று கடைக்கும் படியேறிப் போய், சட்டையின் நிறம் முதற்கொண்டு அடையாளம் சொல்லி, "அது வந்தா பிரிக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்" என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்த மூன்று பேரில் ஒருவர் பரம எதிரி. டெய்லரம்மாவின் தையலைச் சாக்குத் தையல் என்று ஊரெல்லாம் சொன்னவர். அவர்கூட, "எங்க அம்மாவுக்கும் இதே கதைதான். நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாராம்.

இரண்டு வாரம் லோடு அக்கா கீழ்ப் பட்டன் மூன்றையும் திறந்து போட்டு, ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டு, தினமும் வேண்டுமென்றே கடை வாசல் வழியாக விறைப்பாக நடந்து போனார். டெய்லரம்மா வேண்டுமென்றே தலை நிமிராமல் தைத்தார். பதினாறாவது நாள் லோடு அக்கா உள்ளே வந்து பொத்தென்று மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"தெருவுல இருக்கிற அத்தனை டெய்லரையும் மிரட்டி வச்சிருக்கியா?"

"ஆமா."

"நீ எல்லாம் ஒரு மனுஷியா?"

"இல்ல."

டெய்லரம்மா மிஷினை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே இருந்தாராம். பிறகு லோடு அக்கா, "சரி, எங்க போகணும்?" என்றாராம்.

வேலைநாளில் கடையைப் பூட்டிவிட்டு டெய்லரம்மா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கூட வந்தது யார், என்ன உறவு என்று நர்ஸ் கேட்டாள். "டெய்லர்" என்றார் இவர். நர்ஸ் ஒரு நொடி பார்த்துவிட்டு, சகோதரி என்று எழுதிக்கொண்டாள். ஐந்து வாரம். முதல் வாரம் உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று லோடு அக்கா கத்தியிருக்கிறார். வீட்டுக்குக் கூட்டிப் போ என்று இவர் காலைப் பிடித்திருக்கிறார். இவர் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதுவிட்டு மறுநாள் மறுபடி போயிருக்கிறார். என்னிடம் பேசியபோது அதையெல்லாம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி உடுப்பைப் பற்றித்தான் பொருமினார். "பக்கத்துக் கட்டில்ல ஒரு டீச்சர். அதுக்கு அந்தப் பக்கம் பெரிய வீட்டு மருமக ஒருத்தி, வேற பேர்ல வந்து படுத்திருக்கா. எல்லாருக்கும் ஒரே பச்சை கவுன், ஒரே அளவு. ஒருத்திக்காவது தோள் சரியா இருக்கணுமே! எந்தக் கடங்காரன் வெட்டினானோ."

போன மாதம் நான் போயிருந்தபோது லோடு அக்கா அந்தச் சட்டையோடு வந்தார். எட்டு மாதமாகக் குடியைத் தொடவில்லை. கண்ணில் மஞ்சள் இல்லை, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. "தொளதொளன்னு தொங்குதுடி, புடிச்சு விடு" என்று சட்டையை மிஷின் மேல் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து சாராயக்கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். பத்து நிமிஷம் நின்னேன். திரும்பி வந்துட்டேன். நாளைக்கு எப்படின்னு தெரியாது" என்றார்.

டெய்லரம்மா டேப்பை எடுத்தார். அளந்தார். சாக்கட்டியால் கோடு போட்டார். இரண்டு பக்கமும் உள்ளே தள்ளி, கோட்டின் மேலேயே நேராகத் தையல் ஓட்டினார். போட்டுப் பார்த்தால் கச்சிதமாக இருந்தது. லோடு அக்கா கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார். கழற்றிக் கொடுத்ததும் டெய்லரம்மா அதை உள்புறமாகத் திருப்பி மடியில் விரித்தார். புதுத் தையலுக்கு உள்ளே, பக்கத்துக்கு மூன்று விரல் அகலம் துணி மிச்சம் இருந்தது. அதைப் பெருவிரலால் நீவிவிட்டார். பிறகு பெரிய கத்தரியை எடுத்து, பிடியை லோடு அக்காவின் பக்கம் திருப்பி நீட்டினார்.

"வெட்டு" என்றார்.

"நல்ல துணிடி. பின்னால வேணும்னா..."

"பின்னால எதுக்கு வேணும்?"

லோடு அக்கா சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இதில் நான் வாய் திறக்கக் கூடாது என்று பட்டது. பெட்டி தூக்கிக் காய்த்துப்போன விரல்கள் கத்தரியின் வளையத்துக்குள் நுழையாமல் தடுமாறின. ஒருவழியாக நுழைத்துக்கொண்டு, தையலை ஒட்டி, பல்லைக் கடித்தபடி, கோணல்மாணலாக ஒரு பக்கம் முழுவதையும் வெட்டி முடித்தார். வெட்டுண்ட துண்டு அவர் காலடியில் விழுந்தது.

டெய்லரம்மா சட்டையின் மறுபக்கத்தைத் திருப்பி, அவர் வெட்டுவதற்குத் தோதாக இழுத்துப் பிடித்துக்கொண்டார்.